கண்ணொளி தந்த டாக்டர் வெங்கடசாமி

குழந்தைகளே! காலையில் ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் உள்ளே விழும்போது பார்த்திருக்கிறீர்களா? அந்த ஒளிக்கீற்றில் எத்தனை தூசிகள் மிதக்கின்றன! எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புச் சோகை எரிக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்றைத்தான் நாம் சுவாசிக்கிறோம். ஆனால், கண்ணுக்குள் வைக்கும் பொருள் ஒன்றில் அந்தத் தூசியோ கிருமியோ ஒட்டிக்கொண்டால் பார்வையே போய்விடலாம். அப்படிப்பட்ட பொருளை நம் தமிழ்நாட்டிலேயே, ஏழைகளுக்கும் எட்டும் விலையில் செய்ய வழி வகுத்தவர்தான் டாக்டர் கோ. வெங்கடசாமி.

இவர் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவமும் படித்து, 1944இல் டாக்டர் ஆனார். பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

முப்பது வயதில் பெரும் சோதனை வந்தது. கடுமையான மூட்டுவாத நோய் தாக்கி, படுத்த படுக்கையானார். கைவிரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவில்லை. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களாலேயே கத்தியைப் பிடித்துப் பழகினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார்!

1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களும் குடும்பத்தாரும் தோள் கொடுத்தார்கள். பணம் உள்ளவர்கள் கட்டணம் தந்தார்கள். இல்லாதவர்களுக்கு இலவச சிகிச்சை கிடைத்தது.

கண்புரை நோயில், கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை பால்போல மங்கிவிடும். அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை தெளியும். ஆனால் அந்நாளில் அந்த வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை ஆயிரக்கணக்கான ரூபாய்! ஏழைகளுக்குக் கிடைத்ததெல்லாம் கனத்த சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடியும் இருட்டுதான்.

அந்த வில்லையை நாமே செய்தால் என்ன? இந்தியாவில் முடியாது என்று பலர் சொன்னார்கள். காரணம், வில்லையைச் செதுக்க இயந்திரம் மட்டும் போதாது; தூசி இல்லாத அறையும் வேண்டும். ‘கிளீன் ரூம்’ என்று அதைச் சொல்வார்கள். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை அணிய வேண்டும். அறைக்குள் வரும் காற்று ‘ஹெப்பா’ என்ற வடிகட்டியைத் தாண்டித்தான் வரும். அறைக்குள் காற்றழுத்தம் சற்று அதிகமாக இருக்கும். அதனால் கதவைத் திறந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர, வெளித்தூசி உள்ளே வராது.

ஹெப்பா வடிகட்டி நம் வீட்டு மாவுச் சல்லடை மாதிரி அல்ல. வைக்கோல் போரில் வைக்கோல் கிடப்பதுபோல, மிக மெல்லிய கண்ணாடி இழைகள் அதில் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். பெரிய தூசி, காற்றோடு வளைந்து போக முடியாமல் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய தூசியோ காற்றின் மூலக்கூறுகளால் இடிபட்டு, அங்கும் இங்கும் அலைந்து இழையில் சிக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 0.3 மைக்ரான் துகளைப் பிடிப்பதுதான் கடினம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், அது எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்! அப்படிப்பட்ட துகள்கள் பத்தாயிரம் வந்தாலும், 9,997ஐ ஹெப்பா பிடித்துவிடும். பெரிய மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளிலும் இந்த வடிகட்டியைப் பொருத்துகிறார்கள்.

1992இல் மதுரையில் ‘ஆரோலேப்’ தொடங்கப்பட்டு, வில்லைகள் தயாராயின. ஆயிரங்களில் இருந்த விலை சில நூறு ரூபாயாக இறங்கியது. விலையைத்தான் குறைத்தார்களே தவிர, தூய்மையைக் குறைக்கவில்லை. ஏழையின் கண்ணும் பணக்காரரின் கண்ணும் ஒன்றுதானே! இன்று அந்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

2003இல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலும் அரவிந்த் மருத்துவமனை வந்தது. எங்கள் கடலூர்ப் பகுதித் தாத்தா பாட்டிகளுக்கு அது பெரும் உதவி. டாக்டர் வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், தமது 87ஆம் வயதில் மறைந்தார்.

நாளைக் காலை ஒளிக்கீற்றில் தூசி மிதப்பதைப் பார்த்தால், கோணிய விரல்களால் லட்சம் கண்களுக்கு ஒளி தந்த அந்த டாக்டரையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ பார்வை மங்கலாக இருக்கிறது என்று சொன்னால், உடனே அப்பா அம்மாவிடம் சொல்லிக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?