தொலைந்த பெட்டி

அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1899-இல் பிறந்தார். முதல் உலகப்போரில் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலி சென்று, 18-ஆம் வயதில் குண்டடிபட்டார்.

1921 இறுதியில் மனைவி ஹேட்லியுடன் பாரிஸில் குடியேறினார். கனடா நாளேடு ஒன்றின் செய்தியாளராகப் பல நாடுகள் சுற்றினார். எஞ்சிய பொழுதில் கதை எழுதினார்.

1922 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மாநாட்டுச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தார். அவரைக் காணப் புறப்பட்ட ஹேட்லி, கணவரின் கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் எடுத்துச் சென்றார். பாரிஸ் ரயில் நிலையத்தில் அப்பெட்டி களவு போயிற்று. அதுவரை எழுதியவற்றில் ஏறக்குறைய அனைத்தும் போயின.

மனம் நொந்தும் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1923-இல் முதல் நூல் வெளிவந்தது. பாரிஸ் வாழ்வும் ஸ்பெயின் பயணமும் 1926-இல் நாவலாயின. 1954-இல் நோபல் பரிசு பெற்று, 1961-இல் மறைந்தார்.

எழுதியது தொலையலாம்; எழுதிப் பழகிய கை தொலைவதில்லை.