பூச்சி பிடித்தவரா கிரேஸ் ஹாப்பர்?

கம்ப்யூட்டருக்குள் பூச்சியைப் பிடித்து ‘பக்’ என்று பெயர் வைத்தவர் கிரேஸ் ஹாப்பர் என்பார்கள். பாதிதான் நிஜம். 1947 செப்டம்பரில் ஹார்வர்டு மார்க் 2 இயந்திரத்தின் ரிலேயில் அந்துப்பூச்சி சிக்கியது உண்மை. ஆனால், அதைப் பிடித்தது ஆபரேட்டர்கள். கதையை ஊரெல்லாம் சொன்னவர்தான் ஹாப்பர். ‘பக்’ என்ற சொல்லோ எடிசன் காலத்திலேயே இருந்தது.

அவருடைய சாதனை வேறு. 1906-ல் நியூயார்க்கில் பிறந்த இந்தக் கணிதப் பேராசிரியர், உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார். அன்று புரோகிராம் என்றால் எண்களைக் கையால் எழுதணும். ஒரு இலக்கம் மாறினாலும் எல்லாம் போச்சு. 1952-ல் அவர் உருவாக்கிய ஏ-0 கம்பைலர், தயாராக இருந்த புரோகிராம் துண்டுகளைத் தானே எடுத்துக் கோத்தது.

அடுத்து கோபோல் மொழிக்கு வழிகாட்டினார். 1960 டிசம்பரில் கிட்டத்தட்ட ஒரே கோபோல் புரோகிராம் இரண்டு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடியது. ஆனால், பிறகு ஆளுக்கொரு கோபோல்! 1967-ல் கடற்படை ஹாப்பரை மறுபடி அழைத்தது. அவர் முயற்சியில் கம்பைலர்களையே சோதிக்கும் புரோகிராம்கள் வந்தன. தப்பு நம்ம கோடிலா, கம்பைலரிலா என்று கண்டுபிடிக்க வழி பிறந்தது.

79 வயதில் ஓய்வு பெற்ற ஹாப்பர், 1992-ல் மறைந்தார்.