வக்கீல் பரீட்சையில் தோற்றார், நாவலில் வென்றார்!

ராஜம் அய்யர் வாழ்ந்தது 26 ஆண்டுகள்தான். தமிழில் அவர் எழுதிய நாவலும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஒரு நாவல், நூறு ஆண்டுகள் கழிந்த பிறகும் அச்சாகிறது, படிக்கப்படுகிறது, பேசப்படுகிறது.

அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு 21 வயது. அதற்கு முந்திய சில ஆண்டுகள் அவர் படிப்பிலேயே மூழ்கிக் கிடந்தார். உத்தியோகத்துக்காகப் படித்த படிப்பு அல்ல அது. மனதுக்குப் பிடித்துப் படித்த படிப்பு.

அந்தப் படிப்பால் அவருக்குப் பணம் வரவில்லை. பதவி வரவில்லை. தமிழுக்கு ஒரு நல்ல நாவல் கிடைத்தது!

மலை அடிவாரத்து ஊர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து மதுரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது, கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புச் சாலை பிரிகிற இடம் அதுதான். அங்கே நின்று மேற்கே பார்த்தால், நீலமாக மலை தெரியும்.

அந்த மலையை ஒட்டி வடக்கே போனால் வருசநாட்டு மலை. அதையும் தாண்டி வடக்கே போனால் கொடைக்கானல் மலை. அதன் அடிவாரத்தில் இருக்கும் ஊர், வத்தலக்குண்டு. இன்று அது திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளால் பெருமை. வத்தலக்குண்டுக்கு ராஜம் அய்யரால் பெருமை. அவர் அங்கே 1872-ம் ஆண்டு பிறந்தார்.

ஊரில் ஆரம்பப் படிப்பு. பிறகு மதுரையில் படிப்பு. அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி.

வத்தலக்குண்டில் இருந்து சென்னைக்குப் போவது அந்தக் காலத்தில் சுலபமான காரியம் அல்ல. ஊரில் ரெயில் கிடையாது. மாட்டு வண்டியில் அம்மையநாயக்கனூருக்கு வர வேண்டும். இன்று கொடைக்கானல் ரோடு என்று சொல்லுகிறோமே, அந்த ரெயில் நிலையம்தான் அது. அங்கிருந்து ரெயில் ஏறவேண்டும்.

அப்படிப் போன பையன், 1889-ம் ஆண்டு பி.ஏ. தேறினான். அப்போது வயது 17!

அந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை மாணவர்களுக்கு விளக்குவதில் பேர் பெற்றவர். நாடகத்தில் வரும் பாத்திரங்கள் ஏன் அப்படி நடந்து கொள்கிறார்கள், அதனால் என்ன விளைகிறது என்று ஆராய்ந்து, பிற்காலத்தில் புத்தகங்களும் எழுதினார்.

தோல்வி

அந்த நாளில் பி.ஏ. படித்தவர்கள் அடுத்துப் படிப்பது, சட்டம். பி.எல். தேறினால் வக்கீல் ஆகலாம். பணம் வரும். ஊரில் மதிப்பு உயரும். பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்பிய வீட்டார், அதைத்தான் எதிர்பார்த்து இருப்பார்கள்.

ராஜம் அய்யரும் சட்டம் படித்தார். பரீட்சை எழுதினார். தேறவில்லை.

17 வயதில் பி.ஏ. பட்டம் பெற்றவர், சட்டப் பரீட்சையில் தவறிவிட்டார். படித்த இளைஞனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

அறிவு இல்லாததால் அவர் தோற்கவில்லை. சட்டப் புத்தகத்தில் அவர் மனம் ஒட்டவில்லை. மனம் வேறு இடத்தில் இருந்தது.

படித்தது என்ன?

அவர் கம்பராமாயணத்தைப் படித்தார். தாயுமானவர் பாடல்களைப் படித்தார். ஷெல்லி, கீட்ஸ், வேர்ட்ஸ்வொர்த் ஆகிய ஆங்கிலக் கவிஞர்களைப் படித்தார். உபநிஷதங்களின் பக்கமும் அவர் நாட்டம் சென்றது.

கதையில் வரும் மனிதர்களை உயிரோடு நடமாட விட்டவர் கம்பர். கைகேயி ஆனாலும் சரி, கும்பகர்ணன் ஆனாலும் சரி, அவர்கள் பேசுவதைக் கேட்டாலே குணம் தெரிந்துவிடும். கம்பர் படைத்த சீதையைப் பற்றி ராஜம் அய்யர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பெண்ணின் மனதைக் கவி எப்படிப் படம் பிடிக்கிறான் என்று அந்த வயதிலேயே அவர் யோசித்திருக்கிறார்.

தாயுமானவர் பாட்டில் அவர் கண்டது வேறு. அலைகிற மனம் அமைதியைத் தேடித் தவிப்பதை அந்தப் பாடல்கள் சொல்லுகின்றன. அந்தத் தவிப்பு அவருக்கும் இருந்தது. பின்னால் அவர் எழுதிய கதையிலும் அது வந்தது.

அந்தக் காலக் கதைகள்

அன்று தமிழில் கதைகளுக்குப் பஞ்சம் இல்லை. விக்கிரமாதித்தன் கதை இருந்தது. மதனகாமராஜன் கதை இருந்தது. எல்லாம் ராஜா, ராணி, மந்திரம், மாயம்!

நாவல் என்று சொல்லத்தக்க முதல் தமிழ்ப் புத்தகம், 1879-ம் ஆண்டு வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்'. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீப்பாக இருந்தவர். சிரிக்கச் சிரிக்க எழுதினார். இடையிடையே கிளைக் கதைகளையும் புத்திமதிகளையும் அடுக்கிக்கொண்டே போனார்.

மற்ற மொழிகளிலும் நாவல் அப்போதுதான் வேர்விட்டுக் கொண்டிருந்தது. வங்காளத்தில் பங்கிம் சந்திரரின் 'துர்கேச நந்தினி' 1865-ல் வெளிவந்தது. மலையாளத்தில் சந்துமேனன் எழுதிய 'இந்துலேகா' வெளிவந்தது, 1889-ல். ராஜம் அய்யர் பி.ஏ. தேறிய அதே ஆண்டு.

ஆனாலும் கதைப் புத்தகம் என்றால் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கதை படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், பெண்கள் அடங்க மாட்டார்கள் என்ற எண்ணம் அன்று பலருக்கு இருந்தது. பரீட்சையில் தவறிய ஓர் இளைஞர் கதை எழுத உட்கார்ந்தால், உலகம் என்ன சொல்லும்? அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

மாதந்தோறும் ஒரு பகுதி

சென்னையில் 1892-ம் ஆண்டு 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகை தோன்றியது. அதை நடத்தியவர், சி.வி. சுவாமிநாத அய்யர். அதே ஆண்டில், அந்தப் பத்திரிகையில் மாதவையா ஒரு தொடர்கதை எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. மாதவையாவும் 1872-ல் பிறந்தவர். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பிற்காலத்தில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிப் புகழ் பெற்றார்.

1893-ம் ஆண்டு ராஜம் அய்யரின் கதை அதே பத்திரிகையில் தொடங்கியது. கதையின் பெயர், 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. அபவாதம் என்றால் வீண்பழி.

1895 வரை, ஏறக்குறைய 2 ஆண்டுகள் கதை நடந்தது. 1896-ல் புத்தகம் ஆயிற்று.

அன்று நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுதான் வழக்கம். கதை அவர்களுக்கும் பிடிக்க வேண்டும். அவர்களுக்கும் புரிய வேண்டும்.

நம் வீட்டுக் கதை

கதை நடக்கும் இடம், மதுரை ஜில்லாவில் உள்ள சிறுகுளம் என்னும் கிராமம். அங்கே முத்துசுவாமி அய்யர் என்று ஒரு பெரிய மனிதர். அவர் மனைவி கமலாம்பாள். செல்வத்துக்குக் குறைவு இல்லை.

ஆனால் ஊரில் வம்பு பேச ஒரு கூட்டம் இருக்கிறது. பெண்கள் கூடி அடுத்த வீட்டுச் சங்கதியைப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ராஜம் அய்யர் வைத்த பெயர், வம்பர் மகாசபை! இந்தப் பகுதியைப் படிப்பவர்கள் தங்கள் தெருவை நினைத்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். கள்ளங்கபடு இல்லாதவர். அவர் வந்தாலே சிரிப்புத்தான். பேயாண்டித் தேவன் என்று ஒரு திருடன் வருகிறான். ஜல்லிக்கட்டும் வருகிறது. ராஜா ராணி இல்லாமல், பூதமும் மந்திரவாதியும் இல்லாமல், நாம் அன்றாடம் பார்க்கும் மனிதர்களை வைத்தே கதை நடத்த முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

சிரிப்பு வெகு நேரம் நீடிக்கவில்லை. குடும்பத்தில் பூசல் வருகிறது. பிள்ளை காணாமற் போகிறான். செல்வம் கரைகிறது. கடைசியில், ஒரு பாவமும் அறியாத கமலாம்பாள்மீது பழி விழுகிறது. கணவர் அதைத் தீர விசாரிக்கவில்லை. நம்பிவிடுகிறார். வீட்டைத் துறந்து வெளியேறுகிறார்.

வம்பு என்று விளையாட்டாகத் தொடங்குவது, ஒரு குடும்பத்தையே எப்படிக் கெடுக்கும் என்பதை அந்தக் கதை காட்டியது. முதலில் வம்பைக் கேட்டுச் சிரித்த வாசகனே, பிறகு அதன் விளைவைப் பார்த்து வருந்துகிறான். சிரித்ததில் தனக்கும் பங்கு உண்டே என்று எண்ணுகிறான். புத்திமதிப் பாட்டுகள் ஆயிரம் படித்தாலும் இந்த எண்ணம் சுலபத்தில் வராது.

இதைத்தான் ராஜம் அய்யர் தம் படிப்பில் இருந்து கற்றுக்கொண்டார் என்று சொல்லலாம். இப்படி நட என்று கதை கட்டளை இடுவதில்லை. பிறர் துன்பத்துக்குள் நம்மை அழைத்துப் போகிறது. திரும்பி வரும்போது நாம் கொஞ்சம் மாறி இருக்கிறோம்.

குறை உண்டா?

குறையும் உண்டு. முற்பகுதியில் இருக்கும் விறுவிறுப்பு பிற்பகுதியில் இல்லை. வேதாந்தம் அதிகம் வந்துவிடுகிறது என்று விமரிசகர்கள் சொல்லி இருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. கதை சொல்லுவது மட்டும் தம் நோக்கம் அல்ல என்று ராஜம் அய்யரே முடிவில் தெரிவித்து இருக்கிறார். அமைதி இல்லாமல் தவித்த ஓர் ஆத்மா, துன்பங்களைக் கடந்து இன்பத்தை அடைந்ததைச் சொல்லவே அவர் விரும்பினார்.

தாயுமானவரைப் படித்தபோது அவர் மனதில் எழுந்த கேள்விக்கு, கதை எழுதி விடை தேடினார் போலும்!

24 வயதில் ஆசிரியர்

1896-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாதப் பத்திரிகை தொடங்கியது. சுவாமி விவேகானந்தரின் ஊக்கத்தால் பிறந்த பத்திரிகை. அதன் ஆசிரியர், ராஜம் அய்யர். வயது 24.

விவேகானந்தர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். வடமொழி நூல்களில் சிதறிக் கிடக்கும் அருமையான கதைகளை எளிய முறையில் திருப்பி எழுதி வெளியிட வேண்டும், அதுவே அந்தப் பத்திரிகையின் சிறப்பாக இருக்க வேண்டும் என்று அவர் கடிதத்தில் யோசனை சொன்னார். கடினமான தத்துவத்தையும் கதை மூலம் சாதாரண மக்களிடம் கொண்டுபோகலாம் என்பது அவர் கருத்து.

அந்த வேலைக்கு ராஜம் அய்யரைவிடப் பொருத்தமானவர் யார்? அவர் கட்டுரைகள் எழுதினார். ஆங்கிலத்தில் 'வாசுதேவ சாஸ்திரி' என்று ஒரு நாவலும் எழுதத் தொடங்கினார்.

அந்த நாவல் முடியவில்லை. ராஜம் அய்யர் நோய்வாய்ப்பட்டார். 1898-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி காலமானார்.

அவர் மறைந்ததும் பத்திரிகை நின்றது. இரண்டொரு மாதத்தில், விவேகானந்தரின் முயற்சியால், இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் இருந்து மீண்டும் வெளிவந்தது. இன்றும் அது நடந்து வருகிறது. ராஜம் அய்யரின் ஆங்கிலக் கட்டுரைகளும் 1905-ல் புத்தகமாக வெளிவந்தன.

ஊர் பெற்ற பேறு

வத்தலக்குண்டு அதோடு ஓய்ந்துவிடவில்லை. சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, 1884-ல் அந்த ஊரில்தான் பிறந்தார். 'மணிக்கொடி' எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும் அந்த ஊர்க்காரர். சி.சு. செல்லப்பா அங்கே வளர்ந்தவர். ராஜம் அய்யர் தம் நாவலில் ஒரு காட்சியாக வைத்த ஜல்லிக்கட்டை, செல்லப்பா 'வாடிவாசல்' என்ற முழுக் கதையாகவே எழுதினார்.

பரீட்சையில் தேறிய ஆண்டு, ராஜம் அய்யருக்குப் பட்டம் கொடுத்தது. தவறிய ஆண்டுகளோ அவரை எழுத்தாளர் ஆக்கின. பரீட்சையில் தவறுவது நல்லது என்று இதற்குப் பொருள் அல்ல. தவறியவர் சும்மா இருக்கவில்லை. கம்பனையும் தாயுமானவரையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்!

வீட்டில் ஒரு பிள்ளை பாடப் புத்தகத்தை மூடிவிட்டுக் கதைப் புத்தகம் படித்தால், உடனே பிடுங்கி எறிந்துவிட வேண்டாம். என்ன கதை என்று கேளுங்கள். அதில் வரும் மனிதர்கள் எப்படி என்று கேளுங்கள். முடிந்தால் கொஞ்சம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து கேளுங்கள்.

கமலாம்பாளின் கதையைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் முதலில் அப்படித்தான் கேட்டன.