டாக்டர் ரஃபியுதீன் அகமது

இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் டாக்டர் ரஃபியுதீன் அகமது, 1890 டிசெம்பர் 24 இல் கிழக்கு வங்காளத்திற் பிறந்தார். அது இன்றைய பங்களாதேசம் ஆகும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1915 இல் பட்டம் பெற்றார். பொஸ்ரன் நகரிற் சில காலம் பணியாற்றியபின் 1919 இல் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் இந்தியாவிற் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றேனும் இருக்கவில்லை. பல் மருத்துவம் கற்க விரும்பியோர் கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்க எண்ணிய அகமது, 1920 இல் கல்கத்தாவில் நாட்டின் முதலாவது பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். அதற்கான பணத்தைத் தேட 'நியூயோர்க் சோடா பவுண்டன்' என்னும் ஐஸ்கிறீம் கடையை நடத்தினார். இனிப்புப் பண்டம் பற்களுக்குப் பகை. ஆயினும் அதன் வருமானமே பற்களைக் காக்கும் கல்விக்கு முதலாயிற்று.

சூத்தை பிடித்த பல்லைப் பிடுங்குவது எளிது, காப்பாற்றுவதே கடினம். பழுதுற்ற பகுதியை அகற்றி, குழியைச் செப்பனிட்டு, உலர்த்தி, உரிய பொருளால் நிரப்ப வேண்டும். பல் சீரமைப்பு எனப்படும் இத்துறை பற்றி மாணவருக்கென அவர் எழுதிய கைந்நூல் 1928 இல் வெளிவந்தது. 1925 இல் தொடங்கிய பல் மருத்துவச் சஞ்சிகையையும் 1946 வரை அவரே தொகுத்தார்.

தாம் அரும்பாடுபட்டு வளர்த்த கல்லூரியை 1949 இல் மேற்கு வங்க அரசுக்கு நன்கொடையாக வழங்கினார். 1964 இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1965 இல் காலமானார். கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தாம் பெற்ற கல்வியைத் தம்முடன் முடிந்துவிடாது பிறருக்கு அளித்தமையே அவரது பெருமையாகும்.

நினைவிற் கொள்க: கல்லூரி 1920, சஞ்சிகை 1925, கைந்நூல் 1928, நன்கொடை 1949.