கூரத்தாழ்வான்: இழந்த இடத்தில் தொடங்கிய கைங்கர்யம்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தை மாதத்து ஹஸ்தம் கூரத்தாழ்வானுடைய திருநக்ஷத்ரம். அவருடைய ஞானத்தைச் சொல்லி அநுபவிப்பார் உண்டு. ஆசார்ய பக்தியைச் சொல்லி அநுபவிப்பார் உண்டு. நாம் இங்கே வேறொரு வழியில் அவருடைய வைபவத்தை அநுஸந்திக்க விரும்புகிறோம். ஆழ்வான் தம் வாழ்நாளில் எவற்றையெல்லாம் இழந்தார், ஒவ்வோர் இழப்புக்கும் மறுநாள் என்ன செய்தார் என்பதே நாம் காண இருப்பது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று பல தேசங்களில் வாழும் ஸ்ரீவைஷ்ணவர்களில் பெரும்பாலோர் உத்யோகத்தைக் கொண்டு குடும்பம் நடத்துபவர்கள். பல ஆண்டுகள் பார்த்த வேலை ஒரு கடிதத்தோடு முடிந்துபோவது நம் இல்லங்களில் புதிதன்று. அப்போது பொருட்கவலை ஒருபுறம் இருக்க, மற்றொரு துயரமும் கூடவே வருகிறது. பதவியின் பெயராலேயே தம்மை அறிந்துவந்தவருக்கு, பதவி போனபின் தாம் யார் என்பதே விளங்காமற்போகிறது. இந்தக் கேள்விக்கு நம் பூர்வாசார்யர்களுடைய வாழ்வில் விடை தேடினால் ஆழ்வானிடமே முதலில் செல்லவேண்டும்.

காஞ்சிக்கு அருகே உள்ள கூரம் என்னும் ஊரில், ஸௌம்ய வருஷத்தில், அதாவது 1010ஆம் ஆண்டில், ஆழ்வான் அவதரித்தார். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது அவருடைய திருநாமம். எம்பெருமானாருக்கு ஏழு ஆண்டுகள் மூத்தவராயிருந்தும் அவரையே ஆசார்யராக ஆச்ரயித்தார். பெருஞ்செல்வக் குடியில் பிறந்தவர். காலை முதல் இரவு வரை வந்தவர்க்கெல்லாம் அன்னமிட்டு, பின்னரே மாளிகைக் கதவைச் சாத்துவது வழக்கம். ஓரிரவு அக்கதவு சாத்தும் ஓசை காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதி வரை எட்டியதென்றும், பெருந்தேவித் தாயார் அது என்ன ஓசையென்று வினவியதாகத் திருக்கச்சிநம்பிகள் வாயிலாக ஆழ்வான் கேட்டறிந்தார் என்றும் பெரியோர் சொல்லுவர்.

மற்றவராயின் அதைத் தம் புகழாகக் கொண்டிருப்பர். ஆழ்வானோ தம் செல்வத்தின் ஆரவாரம் திவ்ய தம்பதிகளின் செவியில் விழுந்ததே என்று நாணினார். இருந்தவற்றையெல்லாம் விட்டு, தேவிகளான ஆண்டாளோடு உடையவர் எழுந்தருளியிருந்த திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். நடுக்காட்டில் ஆண்டாள் அஞ்சினாள். கையில் பொருளில்லாதார்க்கு அச்சம் ஏன் என்று ஆழ்வான் வினவ, அவர் அமுது செய்வதற்கென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் எடுத்துவந்ததை அவள் தெரிவித்தாள். அதையும் வாங்கி எறிந்துவிட்டு மேலே நடந்தார்கள். செல்வம், கல்வி, குலம் ஆகிய மூன்றாலும் வரும் செருக்கைக் கடந்தவர் என்று அவருடைய சிஷ்யரான திருவரங்கத்தமுதனார் இராமாநுச நூற்றந்தாதியில் அவரைப் போற்றியது இதனாலேயே.

இங்கே நாம் ஒன்றை மறைக்கலாகாது. தாமே விட்ட செல்வம் வேறு. தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட பிழைப்பு வேறு. வேலையிழந்தவரிடம் பொன்வட்டில் கதையைச் சொல்லி, எல்லாம் நன்மைக்கே என்பது இரக்கமற்ற செயலாகும். ஆழ்வானுக்கும் பறிக்கப்பட்ட இழப்புகள் பின்னர் வந்தன. அவற்றுக்கு அவரை ஆயத்தப்படுத்திய முதற்பாடமாகவே இதைக் கொள்ளவேண்டும்.

திருவரங்கத்தில் ஆழ்வானுடைய ஜீவனம் உஞ்சவ்ருத்தி. ஒருநாள் பெருமழை பெய்து வெளியே செல்ல இயலாமற்போயிற்று. இருவரும் பட்டினி. இரவில் கோயிலில் தளிகை ஸமர்ப்பிக்கும் ஓசை கேட்டது. தன் பசிக்காக அன்றி, பர்த்தா பட்டினி கிடப்பது பொறுக்கமாட்டாமல், ஆண்டாள் மனத்துக்குள் பெரியபெருமாளிடம் முறையிட்டாள். சிறிது பொழுதில் கோயிலிலிருந்து ப்ரஸாதம் இல்லம் தேடி வந்தது. ஆழ்வான் அதன் காரணத்தை ஆண்டாளிடம் கேட்டறிந்து, தமக்கும் அவளுக்கும் அளவாக எடுத்துக்கொண்டார். அந்த ப்ரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் அவர் தம்பியாரும் அவதரித்தனர் என்பது ஐதிஹ்யம். இல்லத்தில் ஒன்றுமில்லாத நாளில் ஒருவர் உறுதியாயிருக்க மற்றொருவர் மனம் கலங்குவதும், அக்கலக்கத்தையும் எம்பெருமான் குறையாக எண்ணாமல் செவிசாய்ப்பதும் இந்நிகழ்ச்சியில் நாம் காணவேண்டியவை.

அடுத்த இழப்பு ஒரு நூலைப் பற்றியது. ப்ரஹ்மஸூத்ரத்துக்கு பாஷ்யம் இடவேண்டும் என்பது ஆளவந்தாருடைய மனோரதங்களில் ஒன்று. அதற்கு போதாயன வ்ருத்தி என்னும் பழைய உரை வேண்டியிருந்தது. உடையவர் ஆழ்வானுடன் காச்மீரம் வரை எழுந்தருளி அதைப் பெற்றார். ஆனால் திரும்பும் வழியில் அங்குள்ளார் தொடர்ந்து வந்து நூலைப் பறித்துச் சென்றனர். அத்தனை நெடிய யாத்திரையும் வீணாயிற்றோ என்று உடையவர் வருந்தியபோது, ஆழ்வான் தாம் இரவுதோறும் அந்நூலை வாசித்து முழுதும் மனத்தில் தரித்திருப்பதை விண்ணப்பித்தார். ஓலை போயிற்று, கற்றது போகவில்லை. நூல் பறிபோகும் என்று எண்ணி அவர் கற்கவில்லை. ஆசார்யருக்கு உதவும் என்றே கற்றார். கைங்கர்யமாகக் கற்றதை எவராலும் திரும்பப் பெற இயலாது.

பின்னர் ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்யும் காலத்தில் ஓலையில் எழுதும் பணி ஆழ்வானுக்கு அமைந்தது. தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிடலாம் என்று உடையவரே நியமித்திருந்தார். ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடத்தில், அறிபவனாயிருக்கும் தன்மையை மட்டும் சொல்லி, எம்பெருமானுக்கு அடிமைப்பட்டிருக்கும் சேஷத்வத்தைச் சொல்லாதபோது, ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் சீறி, அவரைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்து சென்றார் என்பர்.

நியமித்தபடி நேர்மையாய் நடந்ததற்காகவே பணியிலிருந்து தள்ளப்படுவது எவ்வளவு கசப்பானது என்பதை அநுபவித்தவர் அறிவர். அந்நிலையில் ஆழ்வான் கோபித்து வெளியேறவுமில்லை. தாம் கண்ட பொருளை மாற்றிக்கொண்டு எழுதவும் முற்படவில்லை. இருந்த இடத்திலேயே கிடந்தார். ஸ்வாமியின் உடைமையை ஸ்வாமி எப்படியும் கொள்ளலாம் என்பதே அவருடைய நினைவு. ஆத்மாவுக்குச் சேஷத்வமே உயிர்நிலை என்று எதைச் சொல்ல நினைத்தாரோ, அதையே அப்போது வாழ்ந்தும் காட்டினார். உடையவர் பின்னர் ஆராய்ந்து ஆழ்வான் கொண்ட பொருளே தக்கதென்று உணர்ந்து அவரை மீண்டும் அழைத்துக்கொண்டார். ஸ்ரீபாஷ்யம் நிறைவுற்றது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு சோழனால் வந்தது. சிவனுக்கு மேற்பட்ட பரதெய்வம் இல்லை என்று எழுதிய ஓலையில் உடையவர் கையொப்பமிட வேண்டும் என்று அவன் ஆளனுப்பினான். ஆழ்வான் தாமே காஷாயமும் த்ரிதண்டமும் தரித்து உடையவரைப்போல் சபைக்குச் சென்றார். முதியவரான பெரியநம்பிகளும் உடன் சென்றார். உடையவர் வெள்ளை சாத்திக்கொண்டு மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். சபையில் ஆழ்வான் கையொப்பமிட மறுத்தார். அதன் முடிவில் ஆழ்வானும் பெரியநம்பிகளும் கண்களை இழந்தனர். தள்ளாத பிராயத்தில் அந்நோவைப் பொறுக்கமாட்டாமல் பெரியநம்பிகள் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஆழ்வான் திருவரங்கம் திரும்பினார். கண்ணில்லை. ஆசார்யர் எங்கோ தொலைவில். பரமாசார்யர் பரமபதித்துவிட்டார். எஞ்சியிருந்தது பெரியபெருமாள் ஸந்நிதி ஒன்றே. அதன் வாசலிலும் தடை நின்றது. எம்பெருமானார் ஸம்பந்தமுடையவர் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அரசாணை. காவலர் தடுத்தபோது, ஆழ்வான் எல்லார்க்கும் நல்லவர், அவரை விடலாம் என்று அவர்களில் ஒருவன் பரிந்து பேசினான்.

ஆழ்வான் உள்ளே சென்றிருக்கலாம். தடையைத் தளர்த்தியவன் அன்பாலேயே தளர்த்தினான். ஆயினும் அவன் சொன்னதன் பொருள், எம்பெருமானார் ஸம்பந்தத்தைக் கணக்கிடாமல் விடலாம் என்பது. ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு வழியாகவேண்டியிருக்க, தம்முடைய குணங்கள் அந்த ஸம்பந்தத்தை மறைப்பதற்கு உதவின என்று நொந்து, ஆழ்வான் திரும்பிவிட்டார். வாழ்நாள் முழுவதும் ஸேவித்த கோயிலை, அதன் வாசலில் நின்றபடியே துறந்தார்.

பின்னர் அவர் சென்றது மதுரைக்கு அருகே உள்ள திருமாலிருஞ்சோலை. நம்மாழ்வார், பெரியாழ்வார், ஆண்டாள், திருமங்கையாழ்வார் ஆகியோர் மங்களாசாஸனம் செய்த மலை. அம்மலையைக் கண்ணால் காண இயலாத நிலையில், ஆழ்வார்களுடைய பாசுரங்களையே கண்ணாகக் கொண்டு, ஆழ்வான் அழகரைக் குறித்து ஸுந்தரபாஹு ஸ்தவத்தை அருளிச்செய்தார். 132 ச்லோகங்கள் கொண்ட அந்நூலில் மலையும் சோலையும் அழகருடைய திருமேனியும் ஒவ்வோர் அவயவமாகத் தோன்றுகின்றன. அருளிச்செயலின் பொருள் வடமொழியில் பெருகிவரும் இடமாக அதைப் பெரியோர் கொண்டாடுவர். மீண்டும் எம்பெருமானாரோடு கூடித் திருவரங்கத்தில் வாழ அருளவேண்டும் என்னும் ப்ரார்த்தனையும் அதில் உண்டு. தாம் இழந்ததை இழக்கவில்லை என்று ஆழ்வான் சொல்லவில்லை. அழகரிடம் ஏக்கத்தை மறைக்காமல் விண்ணப்பித்தார்; விண்ணப்பித்துக்கொண்டே அன்றைய கைங்கர்யத்தைச் செய்தார்.

சோழன் மாண்டபின் உடையவர் திருவரங்கத்துக்கு மீண்டார். ஆழ்வானும் வந்து சேர்ந்தார். பேரருளாளனிடம் கண்பார்வையை வேண்டும்படி உடையவர் நியமித்தார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை விண்ணப்பித்தார். பெருமாள் உகந்து வரமளிக்க முன்வந்தபோது, தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்றே வேண்டிக்கொண்டார். சோழனைத் தூண்டி அத்தனை துயரத்துக்கும் காரணமானவன் அந்த நாலூரான். வாழ்வு மீண்டும் தொடங்குவதைத் தடுப்பவற்றுள் வறுமையைக் காட்டிலும் வலியது, நமக்குத் தீங்கிழைத்தவரை நெஞ்சில் சுமந்துகொண்டிருப்பது. ஆழ்வான் அச்சுமையைப் பேரருளாளன் திருமுன்பே இறக்கிவைத்தார்.

இவ்வாறு ஆழ்வானுடைய வாழ்வை அநுஸந்திக்கும்போது அடியோங்களுக்குத் தோன்றுவது இது. அவர் இழந்த செல்வம் திரும்பி வரவில்லை. பழைய நாட்களும் திரும்பவில்லை. உலகோர் வெற்றி என்பது அவருக்கு நேர்ந்ததாகச் சொல்ல இயலாது. ஆனால் ஒவ்வோர் இழப்பிலும் விடத்தக்கது எது, விடலாகாதது எது என்பதில் அவருக்குத் தடுமாற்றமில்லை. வட்டிலை விட்டார், கோயில் வாசலையும் விட்டார், ஆசார்ய ஸம்பந்தத்தை மட்டும் விடவில்லை. ஒரு நிலை கழிந்தபோது அடுத்த நிலையில் செய்யக்கூடிய கைங்கர்யம் எது என்று கண்டு, அதைத் தொடங்கினார்.

உத்யோகம் இழந்த ஸ்ரீவைஷ்ணவர் புதிய வேலையைத் தேடத்தான் வேண்டும். குடும்பத்தைக் காப்பதும் எம்பெருமான் நியமனமே. கற்றதைப் புதுப்பிக்கவேண்டும், பிறரிடம் உதவி கேட்கவேண்டும், முன்னிலும் சிறிய பணியையும் ஏற்கவேண்டியிருக்கலாம். ஆழ்வானே பெருஞ்செல்வராயிருந்து உஞ்சவ்ருத்திக்குச் சென்றவர். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் தாம் யார் என்னும் கேள்விக்கு விடை அந்தக் கடிதத்தில் இல்லை. அடியேன் என்று நாம் சொல்லும் சொல்லிலேயே அவ்விடை இருக்கிறது. அந்தப் பதவியை எவரும் கொடுக்கவுமில்லை. ஆகையால் எவரும் பறிக்கவும் இயலாது.

வரும் தை ஹஸ்தத்தன்று ஸுந்தரபாஹு ஸ்தவத்தில் சில ச்லோகங்களையாவது அநுஸந்திப்போம். வேலையின்றி வருந்தும் அன்பர் ஒருவர் நமக்குத் தெரிந்தவராயிருந்தால், அன்று அவரையும் உடன் அழைத்துக்கொள்வோம்.

ஆழ்வான் திருவடிகளே சரணம்.