இடக்கையால் வென்ற வீரர் காரோய் டகாச்

தேசிய மாணவர் படை முகாமுக்குச் சென்று திரும்பிய நம் மாணவியர் சிலர், திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு வந்து சேரும்வரை ஒரே பொருளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தனர். முகாமில் .22 துப்பாக்கியைக் கையில் கொடுத்து, தரையில் படுத்தபடி இலக்கை நோக்கிச் சுடச் சொல்லியிருந்தார்கள். யாருடைய குண்டுகள் நெருங்கி விழுந்தன, யாருடையவை அட்டைக்கு வெளியே போயின என்பதே பேச்சு. அவர்களுள் ஒருத்தி மட்டும் வாய் திறவாமல் வந்தாள். அவள் நொட்டாங்கைப் பழக்கம் உள்ளவள். துப்பாக்கியின் போல்ட் வலப்புறம் அமைந்திருந்ததால் ஒவ்வொரு முறையும் கையை மாற்றி இழுக்க வேண்டியிருந்ததாம். அவள் முடிப்பதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்களாம்.

பள்ளிக்கு வந்ததும் இரண்டு கேள்விகள் எங்கள் முன் வந்தன. பின்னாளில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தால் எந்தக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது முதற்கேள்வி. இடக்கைப் பழக்கம் உள்ளவளுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் விடை இருப்பதால், அவ்வாழ்க்கையை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

பிறப்பும் படைப்பணியும்

ஐரோப்பாவின் நடுவே அமைந்த ஹங்கேரி நாட்டின் தலைநகரமாகிய புடாபெஸ்டில் 1910ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் பிறந்தவர் காரோய் டகாச். அந்நாட்டில் குடும்பப் பெயரை முன்னே சொல்வது வழக்கம். ஆகவே சொந்த நாட்டில் அவர் டகாச் காரோய். டகாச் என்றால் ஹங்கேரிய மொழியில் நெசவாளர் என்று பொருள். சின்னாளப்பட்டித் தறி ஓசைக்குப் பழகிய நமக்கு இப்பெயர் அந்நியமாய்த் தோன்றாது.

அவர் நாட்டின் படையில் சேர்ந்து சார்ஜெண்ட் பதவியில் பணியாற்றினார். கைத்துப்பாக்கி சுடுவதில் அவருக்கு இயல்பான ஆற்றல் இருந்தது. 1936ஆம் ஆண்டிற்குள் உலகின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராக வளர்ந்துவிட்டார். அவ்வாண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடைபெற்றது. ஆயினும் ஹங்கேரி அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. திறமைக் குறைவு அதற்குக் காரணமன்று. உயர் அதிகாரிப் பதவியில் இருப்பவர்கள் மட்டுமே அணியில் சேரலாம் என்று விதி இருந்தது. அவரோ வெறும் சார்ஜெண்ட். பின்னர் அந்த விதி நீக்கப்பட்டது. அடுத்த ஒலிம்பிக் 1940இல் டோக்கியோவில் என்று அறிவித்திருந்தார்கள். டகாச் அதனை எதிர்நோக்கிப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

அவர் பழகிய போட்டி எத்தகையது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அதற்கு விரைவுக் கைத்துப்பாக்கிச் சுடுதல் என்று பெயர். 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். நீட்டிய ஒரே கையில் துப்பாக்கியைப் பிடித்து, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகள் சுட வேண்டும். முதலில் 8 வினாடியில், பிறகு 6 வினாடியில், கடைசியில் 4 வினாடியில் ஐந்தையும் முடிக்க வேண்டும். மொத்தம் 60 குண்டுகள். குண்டு ஒன்றுக்கு 10 புள்ளி வீதம் முழு மதிப்பெண் 600.

இதற்குரிய தோட்டாவும் நம் மாணவியர் முகாமில் கண்ட .22 இனத்தைச் சேர்ந்ததே. அதன் அடிப்புற விளிம்புக்குள் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் முள் அந்த விளிம்பில் அடித்ததும் தோட்டா வெடிக்கும். உதைப்பு மிகக் குறைவு. அதனாலேயே இலக்குச் சுடுதலுக்கு உலகெங்கும் இதனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விபத்து

1938ஆம் ஆண்டு. படைப்பயிற்சியின்போது பழுதுற்ற கையெறி குண்டு ஒன்று டகாச்சின் வலக்கையிலேயே வெடித்தது. கை சிதைந்தது. அப்பொழுது அவருக்கு வயது 28. எந்தக் கையால் புகழ் பெற்றாரோ அந்தக் கை இனி உதவாது என்றாயிற்று. ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார்.

அங்கிருந்து வெளிவந்ததும் அவர் செய்த செயல்தான் இக்கட்டுரைக்கே உயிர். யாரிடமும் சொல்லாமல், துப்பாக்கியை இடக்கையில் எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பழகத் தொடங்கினார்.

இது எவ்வளவு கடினம் என்பதை அறிய, நாம் எல்லோரும் ஒரு பக்கம் இடக்கையால் எழுதிப் பார்க்கலாம். எழுத்துக் கோணினால் அழித்து எழுதலாம்; துப்பாக்கி சுடுவதில் அதற்கு வழியில்லை. நீட்டிய கை நடுங்கக் கூடாது. சுட்டுவிரல் விசையை நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். ஒரு நூலளவு பக்கவாட்டில் தள்ளினாலும் குண்டு விலகிவிடும். வலக்கைக்காரர் பெரும்பாலும் வலக்கண்ணால் குறிபார்த்துப் பழகியிருப்பர். கை மாறும்போது கண்ணும் மாற வேண்டும், அல்லது தலையைத் திருப்பும் விதம் மாற வேண்டும். நிற்கும் நிலையும் தோளும் மூச்சும்கூட மாறும். பல ஆண்டுகளாக வலக்கை கற்றிருந்த அத்தனையையும் இடக்கை எழுத்தறிவிலிருந்து கற்றாக வேண்டும்.

1939ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஹங்கேரியத் தேசியப் போட்டி நடைபெற்றது. டகாச் அங்கே வந்ததைக் கண்ட நண்பர்கள், பார்வையாளராக வந்திருக்கிறார் என்று எண்ணி ஆறுதல் கூறினார்கள் என்பர். அவர் போட்டியிட்டார். வெற்றியும் பெற்றார். அதே ஆண்டு உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரி அணியிலும் அவர் இடம்பெற்றார்.

காத்திருந்த ஆண்டுகள்

கை தேறியது, காலம் கைகொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கும் 1944ஆம் ஆண்டு ஒலிம்பிக்கும் நடைபெறாமலே போயின. பெர்லினில் விதி தடுத்தது. பிறகு விபத்து தடுத்தது. அதன்பின் போர் தடுத்தது. இலண்டனில் மீண்டும் பந்தயம் தொடங்கிய 1948ஆம் ஆண்டில் அவருக்கு வயது 38.

அங்கே முந்தைய ஆண்டின் உலக வீரராகிய அர்ஜென்டினா நாட்டு சயன்ஸ் வாலியென்டே என்பவர், டகாச்சைக் கண்டு வியந்து, எதற்காக இலண்டன் வந்தார் என்று கேட்டாராம். கற்றுக்கொள்ள வந்ததாக டகாச் அடக்கமாகச் சொன்னாராம். போட்டி முடிந்தபோது டகாச் 580 புள்ளிகளுடன் முதலிடம் பெற்று உலக சாதனை படைத்திருந்தார். வாலியென்டே 571 புள்ளிகளுடன் இரண்டாமிடம். பரிசளிப்பின்போது, நீர் போதிய அளவு கற்றுவிட்டீர் என்று அவர் டகாச்சைப் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டகாச் மீண்டும் தங்கம் வென்றார். அவர் பெற்றது 579. இரண்டாமிடம் பெற்ற சிலார்ட் குன் பெற்றது 578. ஒரே ஒரு புள்ளி வேறுபாடு! இந்தக் குன் வேறு யாருமல்லர். டகாச்சிடம் பயிற்சி பெற்ற இளம் ஹங்கேரியர். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நின்ற அக்காட்சி, கற்பிக்கும் பணியில் இருக்கும் எவருக்கும் மகிழ்ச்சி அளிப்பது.

1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டு எட்டாமிடம் பெற்றார். 1958இல் உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார். ஹங்கேரியத் தேசியப் பட்டங்களை மட்டும் 35 முறை வென்றார். சார்ஜெண்ட் என்பதற்காக ஒதுக்கப்பட்டவர், லெப்டினன்ட் கர்னலாகப் பணி ஓய்வு பெற்றார். 1976ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் புடாபெஸ்டில் காலமானார்.

எந்தத் துப்பாக்கி நல்லது?

இனி மாணவியர் கேட்ட முதற்கேள்விக்கு வருவோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பதும் பழமொழிதான். டகாச்சின் வாழ்க்கை இரண்டையும் மெய்ப்பிக்கிறது. ஆனால் கருவி எப்படியும் இருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. கைக்குத் தக்க கருவி வேண்டும். எனினும் முதலில் கை தேற வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

திண்டுக்கல் பூட்டை அறியாதவர் நம்மில் யார்? கையால் அராவிச் செய்த பூட்டுக்கு அதற்கென்றே அராவிய சாவிதான் பொருந்தும். சாவி வெள்ளியாலானது என்பதற்காகப் பூட்டுத் திறவாது. இலக்குத் துப்பாக்கியும் அப்படியே. இத்தாலியின் பார்டினி, ஜெர்மனியின் வால்தர் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே .22 கைத்துப்பாக்கிகள் செய்கின்றன. அவற்றின் மரக் கைப்பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என அளவு வாரியாகவும், வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு எனவும் கிடைக்கின்றன. பெயரைப் பார்த்து வாங்குவதைவிடக் கைப்பிடியைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

பொருத்தம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பயிற்றுநர் முன்னிலையில், தோட்டா இல்லை என்று உறுதிசெய்த துப்பாக்கியைப் பிடித்து, கண்களை மூடிக் கையை இலக்கின் பக்கம் உயர்த்த வேண்டும். பிறகு கண்களைத் திறந்து பார்த்தால், முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நேராக அமர்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டைத் திருகி நேராக்க வேண்டியிருந்தால் அந்தக் கைப்பிடி அக்கைக்கு உரியதன்று.

எடையும் கவனிக்கத்தக்கது. பெண்களுக்கான 25 மீட்டர் போட்டியில் துப்பாக்கி 1400 கிராமுக்கு மேற்படக் கூடாது. விசை 1000 கிராம் இழுவைக்குக் குறையக் கூடாது. அறுபது குண்டுகள் சுட்டு முடியும்வரை தோள் தாங்குமா என்பதே கேள்வி. விசை எப்போதும் ஒரே அளவு அழுத்தத்தில் விடுபட வேண்டும். தோட்டாவிலும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துப்போவது வேறு; சிலவகை சுட்டுப் பார்த்தே அறிய முடியும். ஆகவே தொடக்கத்தில் கிளப்பின் துப்பாக்கியாலேயே பழகிக் கை தன் தேவையைச் சொல்லும்வரை காத்திருப்பது நல்லது. பழுதுபார்ப்பவரும் உதிரிப் பாகங்களும் எட்டும் தொலைவில் உண்டா என்றும் விசாரிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை என்பதையும், பயிற்றுநர் இல்லாமல் இதனைத் தொடவே கூடாது என்பதையும் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

நம் நாட்டில்

நம் நாட்டில் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகராகிய மாவலங்கர். அவர் பெயரால் இன்றும் ஆண்டுதோறும் சுடுதல் போட்டி நடைபெறுகிறது. டகாச் வென்ற அதே விரைவுச் சுடுதலில், அதே இலண்டன் மாநகரில், 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இந்தியப் படையைச் சேர்ந்த சுபேதார் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் வென்றார். சார்ஜெண்டுக்கு அன்று மூடியிருந்த கதவு, சுபேதாருக்குத் திறந்திருந்தது.

டகாச்சின் காலத்து ஒலிம்பிக்கில் பெண்களுக்கெனக் கைத்துப்பாக்கிப் போட்டி இல்லை. 1984இல்தான் அது வந்தது. 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் 25 மீட்டர் கைத்துப்பாக்கியில் நம் ராஹி சர்னோபத் தங்கம் வென்றார். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் காற்றுத் துப்பாக்கியில் இரண்டு வெண்கலம் பெற்று, 25 மீட்டர் போட்டியில் நான்காமிடம் பெற்றார்.

பேசாமல் வந்த அந்த மாணவிக்கு இனி நாங்கள் தனியே விடை சொல்ல வேண்டியதில்லை. சோற்றுக்கை, நொட்டாங்கை என்று நாம்தான் பிரித்துப் பேசுகிறோம். இடக்கையைக் குறையாகக் கருதி அதட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. வலக்கையை இழந்த ஒருவர், இடக்கையை நம்பி உலகையே வென்றார். இடக்கையோடு பிறந்தவள் அதனை நம்புவதற்கு ஏன் தயங்க வேண்டும்? அடுத்த முகாமில் அவள் மீண்டும் இலக்கின் முன் படுப்பாள் என்று நம்புகிறோம். போல்ட்டை இழுக்கச் சற்று நேரம் கூடுதலாக ஆகலாம். ஆகட்டும், உடன் செல்லும் மாணவியர் அவள் முடிக்கும்வரை காத்திருப்பார்களாக.