போருக்குப் பயின்றவர், ஆற்றுக்கு உழைத்தவர்

ஆர்தர் காட்டன் என்றதும் காவிரிப் படுகையினருக்கு முக்கொம்பு மேலணையும், ஆந்திரத்தாருக்குத் தவளேஸ்வரம் அணையும் நினைவுக்கு வரும். ஆனால் அவர் பாசனம் பயின்றவர் அல்லர், போருக்கென்று பயிற்றுவிக்கப்பட்டவர். கல்விக்குச் செய்யும் செலவு எங்கே, எப்போது பலன் தரும் என்பதை வகுப்பில் விளக்க நேர்ந்தபோதெல்லாம் நான் எடுத்துக்கொண்ட சான்று அவருடைய வாழ்க்கைதான்.

1803-இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், பதினைந்து வயதில் லண்டனுக்குத் தெற்கே இருந்த அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு அதிகாரிகளை உருவாக்க 1809-இல் தொடங்கிய பள்ளி அது. கணிதம், கோட்டைக் கட்டுமானம், நில அளவை, வரைபடம், இந்துஸ்தானி ஆகியவை பாடங்கள். தேர்வில் முன்னின்றவர்களுக்குப் பொறியாளர் பிரிவு, அடுத்தவர்களுக்குப் பீரங்கிப் படை, எஞ்சியோருக்குக் காலாட்படை. 1819-இல் சென்னைப் பொறியாளர் படைக்குத் தேர்வான காட்டன், வேல்ஸில் சிறிது காலம் நில அளவைப் பணி பார்த்துவிட்டு 1821-இல் இந்தியா வந்தார். 1824-இல் மூண்ட முதல் பர்மியப் போரிலும் பங்குகொண்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது காவிரி. அதைவிடச் சரிவு மிகுந்த கொள்ளிடம் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டது. காவிரியின் தலைப்பில் மணல் மேடிட்டது; தஞ்சை வயல்களுக்கு நீர் குறைந்தது. கம்பெனியைக் கவலைகொள்ளச் செய்தது உழவரின் துயரைவிட நிலவரியின் சரிவே என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மட்டம் பார்க்கவும், மதிப்பீடு தயாரிக்கவும், பெருந்திரளான ஆட்களைக் கொண்டு வேலை வாங்கவும் ராணுவப் பயிற்சி அவருக்குக் கற்றுத்தந்திருந்தது. அடி காணாத ஆற்று மணலில் அணைக்கு அடித்தளம் இடும் வித்தையை அது கற்றுத்தரவில்லை. அதைக் கல்லணையிடமிருந்து கற்றார். பெருங்கற்களை மணலில் இட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைகொண்ட பின் மேலே கல்லும் களிமண்ணுமாக அடுக்கிச் செல்லும் பழந்தமிழர் முறை அது. இந்தக் கடனைப் பிற்காலத்தில் அவர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆளவந்த இனத்தவரிடம் அரிதான பண்பு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணைப் பணி தொடங்கியது. அணைக்கரையில் கீழணையும் அவர் திட்டமே. காவிரியில் கற்ற பாடத்துடன் கோதாவரிக்குச் சென்று, 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரம் அணையைக் கட்டினார்.

எல்லாம் வெற்றி அல்ல. அவருடைய ஊக்கத்தில் பிறந்த சென்னைப் பாசனக் கம்பெனி வெட்டிய கர்நூல்–கடப்பா கால்வாய் நட்டத்தில் முடிந்து, 1882-இல் அரசின் தலையில் விழுந்தது. ரயில் பாதைகளைவிடப் படகுக் கால்வாய்களே இந்தியாவுக்கு ஏற்றவை என்ற அவருடைய வாதமும் எடுபடவில்லை. அதில் பாதி நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

போர்க் கல்வி இங்கே ஆக்கப் பணியாக மாறியதற்குத் தனி மனிதரின் திறமை மட்டுமே காரணம் அன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் சாலை, ஏரி, கால்வாய் வேலைகளைப் பெரிதும் கவனித்தவர்கள் படைப் பொறியாளர்களே. படையிலிருந்து பாசனத்துக்கு மாறியபோது அவர் பதவியும் ஊதியமும் இழக்கவில்லை. ஆற்றைப் பார்த்துப் பழக ஆண்டுகளும் கிடைத்தன. அவரோடு மணலில் நின்ற சிப்பாய்க்கோ கொத்தருக்கோ அந்த ஏணி இருந்ததில்லை.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுக்குப் பின் படையில் தொடரக்கூடியவர்கள் அதிகபட்சம் 25 விழுக்காடு. ஏனையோர் ஏறத்தாழ 11.7 லட்சம் ரூபாயுடன் வெளியேறுவர். துணை ராணுவப் படைகளில் அவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. அது மீண்டும் துப்பாக்கி வேலைதான். ரேடார் பழுது பார்க்கவும் பாலம் அமைக்கவும் கற்ற இருபத்தைந்து வயது இளைஞனை அந்தத் தொழிலுக்காகவே அழைத்துக்கொள்ள நம் பொதுப்பணித் துறைகளிலும் மின்வாரியங்களிலும் எத்தனை நாற்காலிகள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதே நான் கேட்கும் கணக்கு.

காட்டன் 1861-இல் சர் பட்டம் பெற்றார். முதுமையை இங்கிலாந்தின் டார்க்கிங் ஊரில் கழித்தார். நிலத்தை ஆழ உழுதால் கோதுமை விளைச்சல் எவ்வளவு கூடும் என்று அங்கே தம் தோட்டத்தில் சோதித்துக்கொண்டிருந்தார். 1899 ஜூலையில், 96-ஆம் வயதில் காலமானார்.